ராமநாதபுரம் கரையிலிருந்து மதுரைச் சமணக் குன்றுகளுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உச்சிப்புளியிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ஒரு வேன் நிறைய ஆட்களை அழைத்துக்கொண்டு மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குன்றுகளுக்குப் போய் வருகிறேன். மண்டபம், தங்கச்சிமடம், தேவிபட்டினம், கீழக்கரை, வாலிநோக்கம் என்று கரையோர ஊர்களிலிருந்து வருகிறார்கள். புறப்படுவதற்கு முன்பு எல்லோரும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

நம் பக்கம் மலையே கிடையாது. எந்த மலைக்குப் போகச் சொல்கிறீர்கள்?

உண்மைதான். நம் கரையில் பிறந்த பிள்ளைக்கு மேடு என்றால் மணல்மேடு, உயரம் என்றால் பனைமரமும் கலங்கரை விளக்கமும். ஆனால் மதுரை நெருங்க நெருங்கக் குன்றுகள் தெரியத் தொடங்கும். அவற்றில் பலவற்றில் சமண முனிவர்கள் தங்கியிருந்த குகைகளும் கல்லில் வெட்டிய படுக்கைகளும் கல்வெட்டுகளும் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்களின் சிற்பங்களும் இருக்கின்றன. கீழக்குயில்குடி சமணர் மலை, கொங்கர் புளியங்குளம், முத்துப்பட்டி, யானைமலை, அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம், அழகர்மலையின் கிடாரிப்பட்டிப் பக்கம், கருங்காலக்குடி, கீழவளவு என்று பட்டியல் நீளும். முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டே இடங்கள்: கிடாரிப்பட்டியும் சமணர் மலையும்.

நாங்கள் சமணர்கள் இல்லையே. போகலாமா? யாராவது ஏதாவது சொல்வார்களா?

தாராளமாகப் போகலாம். என் வேனில் தர்காவுக்குப் போகிறவரும் மாதா கோயிலுக்குப் போகிறவரும் நவபாஷாணத்தில் நீராடுகிறவரும் சேர்ந்தே உட்கார்ந்து வருகிறார்கள். இந்தக் குன்றுகள் இன்று எந்த ஒரு சமூகத்தின் கையிலும் இல்லை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. சுற்றியுள்ள கிராமத்து மக்கள் தங்கள் தெய்வங்களோடு சேர்த்து இவற்றையும் மதித்து வருகிறார்கள். சமணர் மலை அடிவாரத்தில் அய்யனார், கருப்பணசாமி கோயில் இருக்கிறது. அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறுங்கள். ஊர்க்காரர்களுக்கு அது பிடிக்கும், உங்களுக்கும் நல்லது.

வட தமிழ்நாட்டிலிருந்து தமிழ்ச் சமணர்கள், நயினார் என்று சொல்லப்படுகிறவர்கள், யாத்திரையாக வருவதுண்டு. அவர்கள் வணங்கிக்கொண்டிருக்கும்போது பேச்சை நிறுத்திவிட்டு ஓரமாக நிற்பதுதான் முறை.

மீன் பிடித்துப் பிழைக்கிறவர்கள் நாங்கள். கொல்லாமையைச் சொன்னவர்களின் இடத்துக்கு வரத் தயக்கமாக இருக்கிறது.

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் எப்போதும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள். அதனாலேயே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சமண நெறியில் கொல்லாமைதான் முதல் அறம். அதில் மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் குகைகளைத் தேடி வந்தவர்கள் எல்லோரும் துறவிகள் அல்லர். அங்கே படுக்கை வெட்டிக் கொடுத்தவர்களின் பெயர்களைப் படித்துப் பாருங்கள்: பொன்கொல்லன் இருக்கிறான், ஏர்க்கொழு விற்ற வணிகன் இருக்கிறான், பாகு விற்றவன் இருக்கிறான், உப்பு விற்றவன் இருக்கிறான். உழைத்தும் விற்றும் பிழைத்த மக்கள். வாசலில் நின்று தொழில் கேட்டு யாரையும் திருப்பி அனுப்பிய இடமாக எனக்கு அது தெரியவில்லை. வாருங்கள். ஒரு நாளைக்கு மட்டும் கவிச்சி வேண்டாம். கருவாட்டுக் குழம்பும் மாசியும் வீட்டோடு இருக்கட்டும். புளிச்சோறு, தயிர்ச்சோறு கட்டிக்கொள்ளுங்கள். இன்னும் கண்டிப்பாக இருக்க விரும்பினால் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு போன்ற மண்ணுக்குள் விளைவதையும் விட்டுவிடலாம். சமணத்தில் தீவிரமாக இருப்பவர்கள் அவற்றை உண்பதில்லை. பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதும் இல்லை.

எப்படிப் போவது?

ராமேசுவரத்திலிருந்து மதுரைக்கு ரயில் இருக்கிறது. மண்டபம், உச்சிப்புளி, ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை வழியாகப் போகும். பஸ் என்றால் மதுரையில் மாட்டுத்தாவணியில் இறங்க வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து சாலையில் ஏறத்தாழ 115 கிலோமீட்டர். சமணர் மலை நகரத்துக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம், காமராசர் பல்கலைக்கழகத்துக்கு அருகில் இருக்கிறது. பெரியார் பஸ் நிலையத்திலிருந்து கீழக்குயில்குடிக்கு டவுன் பஸ் உண்டு. கிடாரிப்பட்டி எதிர்த்திசையில், அழகர்கோயிலிலிருந்து மேலூர் போகும் வழியில். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க பஸ்ஸை நம்பினால் பொழுது போய்விடும். ஐந்தாறு குடும்பம் சேர்ந்து வேன் பேசிக்கொள்வதே நல்லது.

விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள். காலை பத்து மணிக்கு மேல் அந்தப் பாறை காய்ந்த தோசைக்கல். என் முதல் பயணத்தில் நான் இதை அறியாமல் சித்திரை மாதத்தில் பகல் பதினோரு மணிக்குக் கூட்டத்தை ஏற்றிவிட்டேன். கூட வந்த ஒரு பெரியவர் பாதி வழியில் கண் இருண்டு உட்கார்ந்துவிட்டார். நிழல் இல்லை, குடிக்க வைத்திருந்த தண்ணீரும் சூடாகிவிட்டது. நான்கு பேர் தாங்கிப் பிடித்து இறக்கினோம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாலும் அந்த அரை மணி நேரத்தை இன்றுவரை மறக்கவில்லை. அதன்பிறகு அன்றைய முதல் மலை அடிவாரத்துக்கு ஏழு மணிக்குமேல் நான் போய்ச் சேர்ந்ததில்லை.

கற்படுக்கை என்கிறார்களே, அது என்ன?

கட்டில் போன்ற எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். குகையின் தரைப்பாறையை ஓர் ஆள் நீளத்துக்குச் சமப்படுத்தி, இரண்டு பக்கமும் விரல் உயரத்துக்கு விளிம்பு விட்டு, தலைமாட்டில் மட்டும் சற்று உயர்த்தியிருப்பார்கள். அந்த உயர்வுதான் தலையணை. பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் மற்றொன்று. அண்ணாந்து பார்த்தால் குகையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பது தெரியும். மழைநீர் பாறையில் வழிந்து உள்ளே வராமல், அந்த விளிம்போடு வெளியே சொட்டிவிடும். பல குகைகளில் கல்வெட்டும் அந்தக் காடியை ஒட்டித்தான் இருக்கும்.

மழையைத் தடுப்பதில் ஏன் இத்தனை அக்கறை? சமண முனிவர்கள் ஓரிடத்தில் நிலையாகத் தங்குவதில்லை. ஊர் ஊராக நடந்துகொண்டே இருக்க வேண்டும். மழைக்காலம் மட்டும் விலக்கு. அப்போது பூச்சி, புழு, முளை எல்லாம் வெளியே வரும்; நடந்தால் மிதிபடும். எனவே அந்த நான்கு மாதம் ஒரே இடத்தில் தங்கிவிடுவார்கள். காலடியில் ஒரு புழு சாகக் கூடாது என்பதற்காக ஒதுங்கிய இடம் அது. அந்த எண்ணத்தோடு படுக்கையைப் பாருங்கள், கல்லின் தோற்றமே வேறாகிவிடும்.

படுத்துப் பார்க்கலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். வேண்டாம் என்றுதான் சொல்வேன். பக்கத்தில் உட்காரலாம். உள்ளங்கையை மெதுவாக வைத்துப் பார்க்கலாம். வெளியே பாறை கொதிக்கும்போதும் அங்கே குளிர்ச்சியாக இருக்கும்.

கிடாரிப்பட்டியை ஏன் முதலில் சொல்கிறீர்கள்? அங்கே சிற்பம் அதிகம் இல்லை என்றார்களே?

சிற்பம் குறைவுதான். பாறையில் அமர்ந்த நிலையில் ஒரு தீர்த்தங்கரர், அதன் கீழே அச்சணந்தி செய்வித்தது என்று வட்டெழுத்து என்னும் பழைய எழுத்தில் ஒரு வரி. அச்சணந்தி 9, 10-ஆம் நூற்றாண்டு அளவில் வாழ்ந்த முனிவர். அழியும் நிலையில் இருந்த பள்ளிகளுக்கு, அதாவது முனிவர் தங்கிய இடங்களுக்கு, மலை மலையாகப் போய்த் திருமேனிகள் செய்வித்தவர். யானைமலை, அரிட்டாபட்டி, கொங்கர் புளியங்குளம், கருங்காலக்குடி, உத்தமபாளையம் என்று அவர் பெயர் கிடைக்கும் இடங்கள் பல.

ஆனால் நான் உங்களை அங்கே அழைத்துப் போவது அவருக்காக மட்டும் அல்ல. அவருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முன்பே அந்தக் குகையில் எழுதப்பட்ட ஒரு பெயருக்காக: உப்பு வணிகன் வியகன்.

கல்லில் 'உபு வணிகன்' என்றே இருக்கிறது. இரட்டிக்காத ஒற்றைப் பகரம். அந்தக் காலத்துத் தமிழி, அதாவது தமிழ்-பிராமி, எழுத்தில் அப்படித்தான் எழுதினார்கள். மதுரையில் உப்பு விளையாது. அவன் விற்ற ஒவ்வொரு படி உப்பும் ஏதோ ஒரு கடற்கரைப் பாத்தியிலிருந்து வண்டி ஏறி வந்ததுதான். சங்கப் பாடல்களில் உமணர் வருகிறார்கள் அல்லவா, உப்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு வண்டி கட்டிப் போகிறவர்கள், அவர்கள் காலம். உப்பில் சேர்த்த காசில் ஒரு பங்கை எடுத்து, உப்பையும் உடைமையையும் துறந்த ஒருவர் மழையில் நனையாமல் படுக்க இடம் செய்து கொடுத்திருக்கிறான்.

ஒருமுறை வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்த பாட்டி ஒருவர் எங்களோடு வந்தார். நாற்பது ஆண்டு பாத்தியில் நின்ற கால். பாதத்தோல் வெடித்து வெள்ளை ஏறியிருந்தது. மூச்சு வாங்க ஏறி வந்து குகைக்குள் உட்கார்ந்தார். நான் அந்த எழுத்தைக் காட்டி, இது உப்பு வியாபாரி ஒருவன் பெயர், ஈராயிரம் ஆண்டு ஆகிறது என்றேன். அவர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "உப்பு வாரினவங்களுக்குக் கூலி சரியாகக் கொடுத்திருப்பானா ஐயா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதற்குப்பின் அந்தக் கல்வெட்டின் முன்னால் நான் நிற்கும்போதெல்லாம் வணிகனோடு சேர்த்து, பெயர் எழுதப்படாத அந்த உப்பு வாரியவர்களையும் நினைத்துக்கொள்கிறேன்.

கிடாரிப்பட்டி ஊரில் யாரிடமாவது பஞ்சபாண்டவர் படுக்கைக்கு வழி என்று கேளுங்கள். உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஏறுங்கள்; பாதை சில இடங்களில் புதருக்குள் மறைந்துவிடும். குகைக்குள் சுனை ஒன்று இருக்கிறது. அதில் கை கால் கழுவ வேண்டாம். குரங்குகள் கைப்பையைக் குறிபார்க்கும். தின்பண்டத்தை வெளியே எடுக்காதீர்கள்.

சமணர் மலையில் எதை முதலில் பார்ப்பது?

இரண்டு இடங்கள்: செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம்.

செட்டிப்புடவு தென்மேற்குச் சரிவில். புடவு என்றால் குகை. வெளிப்பாறையில் பெரிய உருவமாக மகாவீரர் அமர்ந்திருக்கிறார். தலைக்கு மேல் முக்குடை, இருபக்கமும் சாமரம் வீசுவோர். நீண்ட காதுகளைப் பார்த்த ஊர்மக்கள் அவரைச் செட்டியார் ஆக்கிவிட்டார்கள். குகைக்கும் அதுவே பெயராகிவிட்டது. குகைக்குள் குனிந்து போய் நிமிர்ந்தால் மேல்விளிம்பில் ஐந்து சிற்பங்கள். நடுவில் மூவர் தீர்த்தங்கரர்கள். ஓரத்தில் இருப்பதைக் கூர்ந்து பாருங்கள்: சிங்கத்தின் மேல் அமர்ந்து வில்லேந்திய ஒரு பெண், எதிரே யானையின் மேல் வாளோடு வருபவன். அமைதியே உருவான மூவருக்குப் பக்கத்தில் இப்படி ஒரு போர். அவள் இயக்கி, தீர்த்தங்கரருக்குக் காவல் தெய்வம்.

இங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் குறண்டித் திருக்காட்டாம்பள்ளி மாணாக்கர் என்று வரும். குறண்டி இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், நமக்கும் மதுரைக்கும் நடுவில், பெரிய சமணப் பள்ளியாக விளங்கிய ஊர். அங்கே படித்தவர்கள் இங்கே திருமேனி செய்து வைத்திருக்கிறார்கள். 'பள்ளி' என்பது முனிவர் தங்கிய இடத்தின் பெயர். நம் பிள்ளைகள் பை தூக்கிக்கொண்டு போகும் இடத்துக்கும் அதே பெயர்தான் நிலைத்திருக்கிறது.

பேச்சிப்பள்ளம் அய்யனார் கோயிலுக்குப் பின்னால் ஏறும் பாதையில். படிகளும் கம்பித் தடுப்பும் இருக்கின்றன. மேலே ஒரு சுனை. அதன் அருகே பாறைச் சுவரில் வரிசையாக எட்டு உருவங்கள். ஐந்துதலை நாகம் குடை பிடிக்கும் பார்சுவநாதர், கொடி கால்களில் படரப் படர அசையாமல் நிற்கும் பாகுபலி, அமர்ந்த நிலையில் தீர்த்தங்கரர்கள். அவற்றின் கீழே செய்து கொடுத்தவர்கள் பெயர். அவற்றில் ஒன்று இப்படிச் சொல்கிறது: 'ஸ்ரீ அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி.' மலை மலையாகத் திருமேனி செய்வித்துக்கொண்டு போன அந்த முனிவரின் அம்மா. துறவியாகப் போன மகன் வீடு திரும்புவதில்லை. மகன் செய்யும் அதே காரியத்தை அந்தத் தாயும் ஒரு மலையில் செய்து, தன் பெயருக்கு முன்னால் அவன் பெயரை எழுத வைத்திருக்கிறாள். ஆயிரம் ஆண்டு வெயிலிலும் மழையிலும் அந்த இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இந்த இடத்தில் நான் கூட்டத்தை அவசரப்படுத்துவதே இல்லை.

மலை உச்சியில் கோயில் இருக்கிறதா?

இருந்தது. பேச்சிப்பள்ளத்துக்கு மேலே மாதேவிப் பெரும்பள்ளி என்ற கட்டுமானக் கோயிலின் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கற்களைச் சுற்றிப் புல் முளைத்துக் கிடக்கும். உச்சிப்பாறையில் விளக்குத்தூணும் அருகே கன்னடத்தில் ஒரு கல்வெட்டும் உண்டு. கர்நாடகத்துச் சிரவணபெளகுளத்தைச் சேர்ந்த முனிவர்கள் பெயர் அதில் இருக்கிறது. அத்தனை தொலைவிலிருந்து இங்கே நடந்து வந்திருக்கிறார்கள். உச்சிவரை ஏற வழுக்குப்பாறையில் நடக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் ஏறவே கூடாது. மேலே நின்றால் ஒருபக்கம் நாகமலை நீண்டு கிடக்கும், கீழே தாமரைக் குளமும் ஆலமரமும் சின்னதாகத் தெரியும்.

கடலோடு தொடர்புள்ள கல்வெட்டு வேறு ஏதாவது உண்டா?

மீனாட்சிபுரம் மலையில் இருக்கிறது. மாங்குளம் கல்வெட்டு என்பார்கள். தமிழில் கிடைத்த மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்று. 1882-இல் ராபர்ட் சீவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி பார்த்து வெளியே சொன்னார். அது தமிழ்தான் என்று பின்னர் 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் படித்துக் காட்டினார். நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுத்தி என்பவன், கணி நந்தன் என்ற முனிவருக்காகச் செய்வித்த பள்ளி என்பது அதன் சாரம். பாண்டிய மன்னன் பெயரை உயிரோடிருந்த காலத்திலேயே கல்லில் காட்டும் சான்று என்று அறிஞர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். என் வேனில் வருகிறவர்கள் கொண்டாடுவது கடலன் என்ற பெயரை. நம் ஊர்களில் இன்னும் கடல் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிறோம் அல்லவா.

அரிட்டாபட்டியும் இந்த மீனாட்சிபுரமும் சேர்ந்த பகுதியைத்தான் 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். பின்னர் அங்கே டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்ற செய்தி வந்தபோது ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள்; 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. அந்த மக்களால்தான் இன்று நாம் அங்கே போக முடிகிறது. அவர்கள் வயல் வரப்பில் நடக்கும்போது பயிரை மிதிக்காமல் நடங்கள்.

எழுத்தை எங்களால் படிக்க முடியுமா?

தமிழியைக் கொஞ்சம் பழகினால் முடியும். கூட்டல் குறி போல இருந்தால் 'க'. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் எழுத்து அட்டவணையை மனப்பாடம் செய்து, பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அட்டவணையை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வட்டெழுத்து அதைவிடக் கடினம். பெயரில் உள்ளபடி எல்லாம் வட்டம் வட்டமாக ஒன்றோடொன்று குழையும். எழுத்து தெரிவதற்காகச் சுண்ணக்கட்டியால் கோடு இழுப்பது, தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது இரண்டும் தவறு. காலைச் சாய்வெயிலில் நிழல் விழும்போது தானாகவே தெளிவாகத் தெரியும்.

எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றியது இங்கேதானா?

வேனில் ஏறியதுமே யாராவது கேட்டுவிடுவார்கள். ஞானசம்பந்தரோடு வாதில் தோற்ற சமணர் கழுவேறினர் என்று 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம் சொல்கிறது. சம்பந்தர் வாழ்ந்தது 7-ஆம் நூற்றாண்டு. நீங்கள் பேச்சிப்பள்ளத்தில் பார்க்கும் திருமேனிகள் அதற்கு இருநூறு முந்நூறு ஆண்டு பிற்பட்டவை. அதாவது அந்தக் காலத்துக்குப் பிறகும் மதுரையைச் சுற்றிப் பள்ளிகள் நடந்திருக்கின்றன, மாணாக்கர் படித்திருக்கிறார்கள், தாய்மார் திருமேனி செய்வித்திருக்கிறார்கள். இவ்வளவையும் கல் சொல்கிறது. மலையில் நின்று இதை வைத்துச் சண்டை போடாதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

அங்கே பூசை உண்டா? என்ன வேண்டிக்கொள்வது?

அன்றாடப் பூசை இல்லை. அர்ச்சனைத் தட்டு தேவையில்லை. சமண நெறிப்படி தீர்த்தங்கரர் வரம் கொடுப்பவர் அல்லர். பற்றை வென்று கரையேறியவர்; அந்த வழியைக் காட்டுபவர். தீர்த்தம் என்ற சொல்லுக்கு நீர்த்துறை என்று பொருள். தீர்த்தங்கரர் என்றால் துறையை அமைத்துக் கொடுத்தவர். படகைக் கரைசேர்ப்பதே பிழைப்பாக உள்ள நமக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டியதில்லை. சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். எண்ணெய், குங்குமம், கற்பூரம் எதையும் சிற்பத்தின் மேல் வைக்காதீர்கள்; கல் கறுத்துவிடும்.

வயதானவர்களை அழைத்து வரலாமா?

செட்டிப்புடவுக்கு வரலாம், படிகள் குறைவு. பேச்சிப்பள்ளம் முழங்கால் வலி இல்லாதவர்களுக்கு. கிடாரிப்பட்டிக்கு நடந்து பழகியவர்கள் மட்டும். ஏற முடியாதவர்கள் கீழக்குயில்குடி ஆலமரத்தடியில் உட்கார்ந்திருக்கலாம்; காற்று நன்றாக வரும்.

எந்த மாதம் நல்லது?

மார்கழி, தை, மாசி. மகாவீரர் பிறந்தநாள் பங்குனி, சித்திரையில் வரும். அன்று போக ஆசைப்படுகிறவர்கள் விடியற்காலையிலேயே ஏறி இறங்கிவிட வேண்டும். தீபாவளி நாளைச் சமணர்கள் மகாவீரர் வீடுபேறு அடைந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள், ஆனால் அது ஐப்பசி மழைக்காலம், பாறை வழுக்கும்.

போட்டோ எடுக்கலாமா? வேறு என்ன கட்டுப்பாடு?

எடுக்கலாம். கட்டுப்பாடு ஒன்றைத்தான் நான் கடுமையாகச் சொல்வேன்: எதையும் எழுதாதீர்கள், கீறாதீர்கள். ஒரு குகையில் தமிழி எழுத்தின் மேலேயே பெயிண்டால் இதயம் வரைந்து இரண்டு பெயர் எழுதியிருந்ததைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்னொரு குகையில் கற்படுக்கையின் தலைமாட்டில் உடைந்த மதுப்பாட்டில். மேலூர்ப் பக்கம் கிரானைட் எடுத்ததில் சில குன்றுகளே உருக்குலைந்து போயின. இருக்கும் மீதியையாவது காப்பாற்ற வேண்டும். நாங்கள் போகும்போது இரண்டு சாக்கு கொண்டுபோய், கிடைக்கும் பாட்டிலையும் பாலித்தீனையும் கட்டி இறக்கி வருகிறோம். நீங்களும் ஒரு சாக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பாறை விளிம்புகளில் மலைத்தேன் கூடு இருக்கலாம். புகை போடாதீர்கள், சத்தம் போடாதீர்கள்.

சாயல்குடி, தொண்டிப் பக்கத்து ஊர்க்காரர்களும் மதுரைக்குத்தான் போக வேண்டுமா?

இல்லை. சாயல்குடிக்காரர்களுக்கு விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி வழியாகக் கழுகுமலை வசதி. ஒரே பாறையை மேலிருந்து கீழாக வெட்டிச் செதுக்கி முடிக்காமல் விட்ட வெட்டுவான் கோயில் அங்கே இருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. அதே மலையில் நூற்றுக்கும் மேற்பட்ட தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசை வரிசையாக. கல்வெட்டுகளில் குரத்தியர், அதாவது பெண் ஆசிரியர்கள், பலர் பெயர் வருகிறது. பெண் பிள்ளைகளை அவசியம் அழைத்துப் போங்கள்.

தொண்டிக்காரர்களுக்குத் தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகச் சித்தன்னவாசல். ஏழடிப்பட்டம் என்ற குகையில் 17 படுக்கைகள்; கீழே அறிவர் கோயிலில் தாமரைக்குள ஓவியம். டிக்கெட் வாங்க வேண்டும்.

திரும்பும் வழியில் பார்க்க வேறு ஏதாவது?

நேரம் இருந்தால் கீழடி. நம் சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2023-இல் திறந்த அருங்காட்சியகத்தில் பானை ஓடுகளில் கீறிய தமிழிப் பெயர்களைப் பார்க்கலாம். காலையில் குகையில் பார்த்த அதே எழுத்து. அங்கிருந்து வைகையைப் பிடித்துக்கொண்டே வந்தால் பரமக்குடி, ராமநாதபுரம், பிறகு ஆற்றங்கரை முகத்துவாரம். அதன் அருகே அழகன்குளம். அங்கே அகழ்ந்தபோதும் ரோமானியக் காசுகளோடு தமிழி கீறிய ஓடுகள் கிடைத்தன. குகையில், கீழடியில், நம் வாசலில் என்று ஒரே எழுத்து ஆற்றோடு இறங்கி வந்திருக்கிறது. வேன் உச்சிப்புளிக்கு வந்து சேர இரவு ஒன்பது ஆகிவிடும். கடைசி பஸ்ஸை நம்பி வருகிறவர்கள் ராமநாதபுரத்திலேயே இறங்கிக்கொள்ளுங்கள்.